நோர்வேக்கு வருகிறவர்களே, மரத்தையும் பாருங்கள்

நோர்வேக்குச் சுற்றுலா வந்து திரும்பும் நம்மவர் கைப்பேசியை வாங்கிப் பார்த்தால் இரண்டு படங்கள் தவறாமல் இருக்கும். ஒன்றில், ட்ரோல்துங்கா என்ற பாறை நாக்கின் நுனியில் கைகளை விரித்து நிற்பார். மற்றதில், பிரைக்கஸ்தூலன் பாறை மேடையின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு இருப்பார். 604 மீற்றர் கீழே லீசெஃபியோர்ட்டின் தண்ணீர் தெரியும். இரண்டும் வடிவான இடங்கள்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இந்த நாட்டில் மனிதரே வாழ்ந்ததில்லை என்பது போல மலையையும் தண்ணீரையும் மட்டும் பார்த்துவிட்டு விமானம் ஏறுகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

நான் பேர்கன் நகரில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவன். கோடை வந்தால் ரொறன்ரோ, லண்டன், சென்னை என்று எல்லாத் திசையிலுமிருந்து உறவுகள் வந்து இறங்கும். வாகனமும் உண்டு, நேரமும் உண்டு என்றால் ஊர் சுற்றிக் காட்டும் வேலை வேறு யார் தலையில் விழும்? கனடாவிலிருந்து வந்த பெறாமகன் பெட்டியை இறக்க முதலே, "சித்தப்பா, அந்த நாக்குக் கல்லுக்கு எப்ப போறம்?" என்று கேட்டான். ஷெகெடாலில் வாகனத்தை விட்டால் போய்வர 27 கிலோமீற்றர் நடக்க வேண்டும், பத்து மணித்தியாலம் பிடிக்கும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஹெலிகொப்டர் ஒண்டும் இல்லையோ?" என்றான்.

ட்ரோல்துங்காவுக்கு 2010 வாக்கில் ஆண்டொன்றுக்கு ஆயிரம் பேர்கூடப் போனதில்லை. ஆறேழு ஆண்டுகளில் அது எண்பதாயிரத்தைத் தொட்டது. காரணம் படங்கள்தான். அந்தப் படத்தில் விழாதது, பின்னால் நிற்கும் நீண்ட வரிசை. இன்னொன்றும் அதிலிருந்து தெரியாது. கீழே நீலமாக விரிந்து கிடக்கும் ரிங்கெடால் ஏரி, அணை கட்டித் தேக்கிய நீர். அந்த நீரைக் குழாயில் இறக்கி, தீசெடால் மின் நிலையத்தில் மின்சாரம் எடுத்து, பக்கத்து ஒடா ஊரின் கார்பைட் ஆலைக்கு 1908 இல் கொடுக்கத் தொடங்கினார்கள். பிறகு 1910களில் அந்த உயரத்தில் கருங்கல்லைச் செதுக்கி அடுக்கி அணை எழுப்பினார்கள். பழைய மின் நிலையம் ஃபியோர்ட் கரையில் கோட்டை போல நிற்கிறது, இப்போது நூதனசாலை. மலையேறப் போகிற எல்லோரும் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். உள்ளே நுழைகிறவர் மிகச் சிலர்.

என் கட்சி இதுதான்: நோர்வேயில் இயற்கை ஒரு பக்கம், வரலாறு ஒரு பக்கம் என்று இரண்டு பட்டியல் போட்டுக்கொண்டு வராதீர்கள். இங்கே இரண்டும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. அரண்மனை, கோட்டை, கல்கோபுரம் என்று தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இந்தச் சனம் மரத்தில் கட்டியவர்கள். ஆகவே மலை பார்க்கப் போகும் ஒவ்வொரு நாளிலும் ஒரு மரக்கட்டடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதில் முதலிடம் உர்னெஸ் மரக்கோயிலுக்கு. பேர்கனிலிருந்து ஒரு பகல் ஓட்டம். சோங்னெஃபியோர்ட்டின் ஒரு கிளை லுஸ்த்ராஃபியோர்ட். அதன் கரையில் சோல்வோர்ன் என்ற சின்னக் கிராமம். அங்கிருந்து சிறிய படகில் அக்கரை சேர இருபது நிமிடம். இறங்கி, பழத்தோட்டங்களுக்கு நடுவே மேட்டுப் பாதையில் நடந்தால் தேவாலயம் வரும். கிட்டத்தட்ட 1130 இல் கட்டியது. இந்த நாட்டில் மிஞ்சியிருக்கும் 28 மரக்கோயில்களில் இதுவே மூத்தது. 1979 இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. கறுத்த பலகைகள், சின்னக் கூரை, சுற்றிவரக் கல்லறைகள். பெறாமகனும் "இதுக்கே இவ்வளவு தூரம்?" என்ற முகத்தோடுதான் நின்றான். நான் அவனைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு வடக்குச் சுவருக்குப் போனேன். அங்கே ஓர் ஒடுங்கிய கதவு, சாவித்துவாரத்தின் வடிவில். அதைச் சுற்றிய பலகைகளில் ஒரு மெலிந்த நாலுகால் விலங்கு. அது ஒரு பாம்பைக் கடிக்கிறது, பாம்பு திரும்பி அதன் கழுத்தைக் கடிக்கிறது. தலை எங்கே, வால் எங்கே என்று கண்ணால் ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் அது இன்னொரு உடலுக்கு அடியில் புகுந்து, மேலே வளைந்து, வேறெங்கோ கொடியாகி முடியும். தடித்த கோடும் மெல்லிய கோடும் மாறி மாறி ஓடும். இந்தப் பலகைகள் கோயிலைவிடவும் பழையவை. இதே இடத்தில் முன்பு நின்ற தேவாலயத்துக்காக 1070 அளவில் செதுக்கியவை. புதிதாகக் கட்டியபோது எறிய மனம் வராமல், கீழே கொஞ்சம் அறுத்து, இந்தச் சுவரில் பொருத்திவிட்டார்கள். வைக்கிங் காலத்தின் கடைசிக் கலைப்பாணிக்கு உர்னெஸ் பாணி என்றே பெயர். பெறாமகன் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் கன நேரம் அந்தக் கோடுகளின் பின்னால் போய்க்கொண்டிருந்தான்.

மழையும் பனியும் விழும் இந்த மண்ணில் மரம் எப்படித் தொள்ளாயிரம் வருடம் நின்றது? முந்திக் கட்டியவர்கள் தூண்களை நேரே மண்ணில் நட்டார்கள், அடி உக்கிப்போனது. அந்தக் கோயில்களில் இன்று குழிகளின் தடம் மட்டுமே மிச்சம். உர்னெஸ் தளத்துக்குக் கீழேயும் அவை இருக்கின்றன. பிறகு கல் அடித்தளம் வைத்து, அதன்மேல் கிடைமரம் போட்டு, அந்தக் கிடைமரத்தில் தூணை நிறுத்தினார்கள். தூண் மண்ணைத் தொடாமல் நின்றது. வெளிப்பலகைக்குப் பைன் கீல் பூசினார்கள். பைன் மரத்தின் வேரையும் அடிக்கட்டையையும் சிறாய்களாகப் பிளந்து, குவித்து, புல்மண்ணால் மூடி, புகைய விட்டு வடிக்கிற கீல் அது. நல்ல வெயில் நாளில் தெற்குச் சுவருக்குப் பக்கத்தில் நின்றால் புகையும் பிசினும் கலந்த வாசம் வரும். சாய்ந்தால் சட்டையில் கறுப்பு ஒட்டும். வெயில் படும் சுவரில் கீல் சீக்கிரம் போய்விடும் என்பதால் அந்தப் பக்கத்துக்கு அடிக்கடி பூச வேண்டும். தலைமுறை தலைமுறையாக யாரோ ஒருவர் ஏணி வைத்து ஏறிப் பூசியதால்தான் அது நிற்கிறது.

இதைச் சொல்லும்போது நோர்வேக்காரர் எல்லோரும் பாரம்பரியத்தைக் கண்போலக் காத்தவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மத்திய காலத்தில் ஆயிரத்துக்குக் குறையாமல் இருந்த மரக்கோயில்கள் 28 ஆனது சும்மா இல்லை. 1851 இல் ஒரு சட்டம் வந்தது. பங்கு மக்களில் பத்தில் மூன்று பேராவது கோயிலுக்குள் உட்கார இடம் இருக்க வேண்டும் என்றது. பழைய கோயில்கள் சின்னவை. இடித்துப் பெரிதாகக் கட்டினார்கள், பழைய மரத்தை ஏலம் விட்டார்கள். அதற்கு முன்பே, வாங் என்ற ஊர்க் கோயிலை 1841 இல் விற்பனைக்குப் போட்டபோது, ஓவியர் ஜே. சி. தால் பிரஷ்ய மன்னரைப் பிடித்து வாங்கவைத்தார். கழற்றி, கப்பலேற்றிக் கொண்டுபோன அந்தக் கோயில் இன்றைக்குப் போலந்து நாட்டு மலையொன்றில் நிற்கிறது. தால் போன்றவர்கள் 1844 இல் தொடங்கிய பழஞ்சின்னப் பாதுகாப்புச் சங்கம்தான் இன்றும் உர்னெஸ் உட்பட எட்டு மரக்கோயில்களுக்குச் சொந்தக்காரர். அரசாங்கம் 2001 முதல் 2015 வரை பணம் போட்டு 28ஐயும் செப்பம் செய்தது. அதற்கு முன், 1992 யூன் மாதத்தில் பேர்கன் புறநகரில் இருந்த ஃபன்தொஃப்ட் கோயிலுக்கு யாரோ தீ வைத்தார்கள். முழுவதும் எரிந்து போயிற்று. இப்போது அங்கே நிற்பது 1997 இல் முடித்த நகல். ட்ராமில் போய் எளிதில் பார்க்கலாம் என்பதால் பலர் அதைப் பார்த்துவிட்டே திருப்திப்படுகிறார்கள். உர்னெஸுக்குப் படகேற முடியாதவர்கள் லேர்டால் பக்கம் உள்ள போர்குண்ட் கோயிலுக்காவது போக வேண்டும். அடுக்கடுக்கான கூரை, முகட்டில் டிராகன் தலைகள் என்று கண்ணைப் பறிப்பது அதுதான்.

இனி என் ஊர் பேர்கன். துறைமுகத்து ஓரம் வரிசையாக நிற்கும் சிவப்பு, மஞ்சள் மரவீடுகள் பிரிக்கன். முகப்பில் நின்று படம் எடுத்துவிட்டுப் போகிறவர்களே அதிகம். வீடுகளுக்கு நடுவே உள்ள ஒடுங்கிய சந்துக்குள் நுழையுங்கள். பலகைத் தரை, தலைக்குமேல் சாய்ந்து வரும் மாடிகள். ஜெர்மன் ஹன்சா வணிகர் 1360 அளவில் இங்கே கிடங்கு போட்டு, 1754 வரை வியாபாரம் நடத்தினார்கள். அவர்களுக்கு வேண்டியது வடக்கே லொஃபோத்தனிலிருந்து வரும் காய்ந்த கொட் மீன். உப்பே போடாத கருவாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாரிக் கடைசியில் வாலோடு வால் கட்டி மரச்சட்டத்தில் தொங்கவிட்டால், குளிரும் காற்றும் சேர்ந்து கல்லாக்கிவிடும். அதைக் கொடுத்துத் தானியம் வாங்கியது இந்த நாடு. அந்த வணிகர் மணம் முடிக்காமல் இங்கே தங்க வேண்டும் என்பது விதி. தீப்பற்றும் பயத்தால் அந்த வீடுகளில் அடுப்போ கணப்போ கூடாது. சமைக்கவும் சூடுபிடிக்கவும் பின்புறம் தனிக் கட்டடம்.

இத்தனை கவனம் எடுத்தும் 1702 இல் நகரத்தோடு எல்லாம் எரிந்தது. அதே அடித்தளத்தில் அதே ஒழுங்கில் திருப்பிக் கட்டினார்கள். நாம் பார்ப்பது அதைத்தான். 1955 இல் இன்னொரு பகுதி எரிந்தது. எரிந்த இடத்தைத் தோண்டிய அகழாய்வில் கிடைத்தவை, என்னைக் கேட்டால், முகப்பு வீடுகளைவிடப் பெரிய சொத்து. ரூனிக் என்ற பழைய எழுத்தில் கீறிய மரக்குச்சிகள் அறுநூறுக்கு மேல். பொதியில் கட்டும் பெயர்ச்சீட்டு, கடன் விவகாரம், காதல், வசவு என்று எல்லாம் இருக்கின்றன. ஒரு குச்சியில், கீடா என்ற பெண் ஒருவனை வீட்டுக்கு வரச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அடியில் பதில் போல ஏதோ கீறல். யாராலும் வாசிக்க முடியவில்லை. குடித்துவிட்டு எழுதியிருப்பான் என்று ஒரு பகிடி உண்டு. ரூனிக் என்றால் அரசன் வெட்டிய கல்வெட்டு மட்டும்தான் என்ற எண்ணத்தை மாற்றியவை இந்தக் குச்சிகள். பிரிக்கன் நூதனசாலையில் போய்ப் பாருங்கள்.

அந்தக் குச்சிகள் உக்காமல் கிடந்ததற்குக் காரணம் ஈரம். தண்ணீர் ஊறிய மண்ணில் காற்றுப் போகாது, மரம் அழியாது. பக்கத்தில் புதிய கட்டட வேலைகள் நடந்தபோது நிலத்தடி நீர் இறங்கியது. மண் காய்ந்து உக்கியது. மேலே நின்ற வீடுகள் தாழத் தொடங்கின. மழைநீரை வடிகாலில் விடாமல் திரும்ப மண்ணுக்குள் இறக்கி நீர்மட்டத்தை உயர்த்தினார்கள். மழைக்குப் பேர்போன பேர்கனில் மழைநீரால் ஒரு நல்ல காரியம் நடந்தது என்று உள்ளூர்க்காரர் எவருக்கும் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

ஃபியோர்ட் பார்க்காமல் போகச் சொல்லவில்லை. கய்ராங்கர் போங்கள், ஆனால் உல்லாசக் கப்பலின் மேல்தளத்திலிருந்து ஏழு சகோதரிகள் அருவியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். செங்குத்துப் பாறையின் இடுக்கில் பசுமையாக ஒரு துண்டு தெரியும். அது ஸ்காகெஃப்லோ பண்ணை, தண்ணீருக்கு மேல் 250 மீற்றர் உயரத்தில். குடும்பங்கள் தலைமுறைகளாக அங்கே ஆடு மேய்த்து வாழ்ந்தன. வரி வாங்குகிறவன் வந்தால் ஏணியை மேலே இழுத்துவிடுவார்கள் என்று கதை சொல்கிறார்கள். அருவிக்குப் பக்கத்தில் க்னீவ்ஸ்ஃப்லோ பண்ணை. தலைக்குமேல் தொங்கும் பாறை விழுந்துவிடும் என்று 1898 இல் அதைக் காலி செய்தார்கள். மன்னர் ஹரால்டும் அரசி சோன்யாவும் தங்கள் வெள்ளிவிழாத் திருமண நாளுக்கு 1993 இல் விருந்தினரை ஸ்காகெஃப்லோவுக்குத்தான் நடத்திக் கூட்டிப்போனார்கள்.

இங்கே பாறை விழும் என்பது வெறும் கதை இல்லை. 1934 ஏப்ரல் 7 அன்று தாஃபியோர்டில் மலைத்துண்டு ஒன்று தண்ணீரில் சரிந்து எழுப்பிய அலையில் 40 பேர் செத்தார்கள். கய்ராங்கருக்குப் போகும் வழியில் ஓக்னெஸ் என்ற மலைச்சரிவில் பெரிய வெடிப்பு ஒன்று ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் விரிந்துகொண்டிருக்கிறது. இரவும் பகலும் கருவிகள் அதைப் பார்த்தபடி இருக்கின்றன. எச்சரிக்கை ஒலித்தால் ஊர் முழுவதும் மேட்டுக்கு ஏற வேண்டும். இதை அறிந்துகொண்டு அந்தத் தண்ணீரில் படகில் போனால் மலை வேறு மாதிரித் தெரியும்.

வடக்கு பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. 1980களில் மக்கள் கல்லூரிகளில் படிக்க வந்த ஈழத்துப் பிள்ளைகள் பலர் ஃபின்மார்க் மாகாணத்து மீன் ஆலைகளில் வேலைக்குப் போனோம். மாரியில் சூரியன் முகம் காட்டாத ஊர்கள். கத்தியும் கையுறையுமாக நின்ற அந்தக் காலத்தில் ஆல்தாவுக்கு ஒருமுறை போனேன். 1973 இல்தான் அங்கே யெம்மெலுஃப்த் குடாவின் பாறைகளில் பழைய கீறல்கள் இருப்பது வெளியே தெரிந்தது. இப்போது ஆயிரக்கணக்கான உருவங்கள் அறியப்பட்டிருக்கின்றன. 1985 முதல் உலகப் பாரம்பரியம். கலைமான் கூட்டத்தை வேலிக்குள் வளைக்கிறார்கள், கரடியின் காலடித் தடம் பாறையில் நடந்து போகிறது. ஒரு படகிலிருந்து தூண்டில் இறங்கி ஒரு பெரிய ஹலிபட் மீனைப் பிடித்திருக்கிறது. முதல்நாள் ஆலை மேசையில் அதே மீனை வெட்டிவிட்டு வந்த எனக்கு அந்தக் கோட்டை விட்டு நகர முடியவில்லை. இவற்றைக் கீறியவர்கள் கடலோரப் பாறையில் கீறினார்கள். பனிக்கட்டியின் பாரம் நீங்கிய நிலம் மெல்ல மெல்ல உயர்ந்ததால், மிகப் பழையவை இன்று மேலே இருக்கின்றன. கீழே இறங்க இறங்கப் புதியவை. ஏழாயிரம் ஆண்டுப் பழையவற்றில் தொடங்கி, மரப்பலகை நடைபாதையில் கடலை நோக்கி இறங்கி வரலாம். வடவொளி பார்க்க ஆல்தா வரை வந்து, மாரியில் பனி மூடிக் கிடப்பதால் இதைப் பாராமலே போகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். கீறல் பார்ப்பதென்றால் கோடையில்தான் வர வேண்டும்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. 1644 முதல் 1977 வரை செம்பு எடுத்த ரோரோஸ் ஊரின் மரவீடுகளில் இன்றும் சனம் குடியிருக்கிறது, கட்டாயம் போங்கள். துரொண்ட்ஹெய்ம் பேராலயம் நோர்வேயில் கல்லில் கட்டிய பெரிய விதிவிலக்கு. ஒஸ்லோவில் ஓசெபெர்க் வைக்கிங் கப்பலைப் பார்க்கும் ஆசையில் வருகிறவர்கள் கவனிக்க: நூதனசாலையைப் புதிதாகக் கட்டுவதற்காக 2022 இல் மூடினார்கள், 2027 இல் திறப்பதாகத் திட்டம். பயணத்தை முடிவு செய்ய முதல் விசாரித்துக்கொள்ளுங்கள். மரக்கோயில்களும் கோடை மாதங்களில்தான் திறந்திருக்கும்.

கடைசியாகக் காசு. வெளியில் நடக்க இந்த நாட்டில் யாரும் கட்டணம் கேட்பதில்லை. 1957 ஆம் ஆண்டுச் சட்டப்படி எவர் காட்டிலும் மலையிலும் நடக்கலாம். குடியிருக்கும் வீட்டுக்கு 150 மீற்றர் தள்ளிக் கூடாரமும் போடலாம், பொதுவாக ஒரே இடத்தில் இரண்டு இரவு வரை. அந்தச் சலுகையை வைத்துக்கொண்டு, மரக்கோயில் வாசலில் ரிக்கெட் வாங்கச் சொன்னால் "சின்னக் கட்டடத்துக்கு இவ்வளவா?" என்று முகம் சுளிக்கிற உறவினரை நான் பார்க்கிறேன். பிரைக்கஸ்தூலன் பாதையில் நீங்கள் மிதித்து ஏறும் கற்படிகளை நேபாளத்திலிருந்து வந்த செர்ப்பாக்கள் அடுக்கினார்கள். அவர்களுக்கும் கூலி கொடுத்தாக வேண்டும். உர்னெஸ் சுவருக்குக் கீலும் இலவசமாக வடிவதில்லை.

இப்போது, சுற்றுலாக்காரர் அதிகம் வரும் ஊராட்சிகள் தங்குமிட வாடகையில் 3 சதவீதம் வரை வசூலிக்க 2025 இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியிருக்கிறது. ஹோட்டல்காரர் எதிர்த்தார்கள், நம்மவர் வாட்ஸ்அப் குழுக்களிலும் புலம்பல் கேட்கிறது. நான் அந்த வரியின் பக்கம். ஓர் இரவுக்கு 2,000 குரோனர் வாடகை என்றால் வரி 60 குரோனர். பேர்கன் கடையில் ஒரு கோப்பிக்கும் பணிசுக்கும் அதைவிடக் கூட ஆகும். கேட்டால் கொடுத்துவிட்டு வாருங்கள்.